சொல்லாததை எழுதுகிறவர்

நோயாளிக்கு வாய் கிடையாது, கூட வந்தவருக்குத்தான் வாய்; இது எங்கள் நெட்டூரணியில் யாரும் எழுதிவைக்காத சட்டம். மருமகளுக்காக மாமியார் சொல்வாள், அப்பனுக்காக மகன் சொல்வான், புருஷனுக்காகப் பெண்டாட்டி சொல்வாள், யாருமில்லாமல் தனியாக வந்தவனுக்கு வரிசையில் பின்னால் நிற்கிறவன் சொல்வான். டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டதும், வலிக்கிறவன் முக்காலியில் பேசாமடந்தையாக உட்கார்ந்திருக்க, வலிக்காதவன் முன்னால் வந்து, வலி எந்தப் பக்கம், ராத்திரி என்ன தின்றான், காலையில் எத்தனை தடவை போனான் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிப்பான். இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. அக்கறை இருக்கிறவர்தானே பேசுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் ஆவுடையம்மாள். தாலுகா ஆஸ்பத்திரியில் மூன்றாம் நம்பர் அறை வாசலில் நின்று டோக்கன் கூப்பிடுகிறவள். என் வாயைப் பற்றி ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள், நானே சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். என் வீட்டுக்காரர் பிரமநாயகம் பிள்ளை எனக்கு நேர் எதிர். ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பத்திரம் எழுதினார். எழுதுகிறவன் தன் வார்த்தை ஒன்றைக்கூடப் பத்திரத்தில் சேர்க்கக் கூடாது, எழுதிக் கொடுக்கிறவன் சொல்வதுதான் பத்திரம் என்பது அவர் தொழில் தர்மம். அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் அந்த மனுஷன். குழம்பு எப்படி என்று கேட்டால் "ஆட்சேபணை இல்லை" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, எப்படிங்க பையன் என்று நான் தவித்துக்கொண்டு கேட்டபோதும் "ஆட்சேபணை இல்லை" என்றுதான் சொன்னார். முப்பது வருஷம் இந்த இரண்டு வார்த்தையோடு குடும்பம் நடத்தினேன்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. வரி முடிந்து மிச்சம் இடம் இருந்தால், பின்னால் எவனும் ஒரு சொல்லைச் சொருகிவிடக் கூடாது என்று, தாளின் ஓரம்வரைக்கும் சின்னச் சின்னக் கோடாகப் போட்டு அடைத்துவிடுவார். பத்திரம் எழுதுகிற எல்லாரும் அடைப்பதுதான். ஆனால் இவர் மூன்று கோட்டுக்கு ஒரு சுழி சுழிப்பார். ஊரில் பாதி வீட்டுப் பெட்டியில் அந்தக் கோடும் சுழியும் இன்றைக்கும் இருக்கிறது.

இனி ஹெப்சிபா டாக்டரம்மாவைச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கத்துப் பெண். வந்த புதிதில் சிரித்த முகம். ஒரு நாளைக்கு இருநூறு பேர் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் சீட்டில் எழுத வேண்டும், அதையே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், சர்க்கரைக்கு ஒரு ரிஜிஸ்டர், பிரஷருக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் மூன்று பாரம், காப்பீட்டுக்கு ஒரு பாரம், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி மேலே அனுப்ப வேண்டும், போன மாதத்தைவிட ஏன் குறைந்தது என்று மேலேயிருந்து கேட்டால் அதற்கும் பதில் எழுத வேண்டும். ஒரு வருஷத்தில் அந்தப் பிள்ளையின் சிரிப்பு போனது, அடுத்து தூக்கம் போனது, அடுத்து கழுத்து போனது. குனிந்த தலை குனிந்தபடி இருக்கும். அவளுக்கு நோயாளியின் மணிக்கட்டு தெரியும், நாக்கு தெரியும், முகம் தெரியாது. கடைத்தெருவில் பார்த்து வணக்கம் சொன்னால் யாரென்று விழிப்பாள், கையை நீட்டினால் "ஓ, சர்க்கரை நூத்தி எம்பது" என்பாள்.

அப்படியொரு திங்கட்கிழமைதான் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். எண்பத்தேழாம் டோக்கன். "என்ன செய்யுது?" என்று டாக்டரம்மா சீட்டைப் பார்த்தபடி கேட்டாள். "வாய்வு டாக்டரம்மா, ராத்திரி பரோட்டா தின்னாரு" என்று நான் சொன்னேன். அவள் வாய்வு என்று எழுதினாள். அவர் ஒன்றும் பேசவில்லை. மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவர், பஸ் ஸ்டாண்டில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடி போய்விட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் ஊரில் வாயைத் திறக்காதவர் கெட்டார். மூன்று மாதம் கழித்து, டாக்டரம்மாவே யாரிடமோ பேசி, எனக்கு இந்த டோக்கன் வேலையை வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஒரே அறை வாசலில் இருந்தோம், அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு நடந்ததில் ஒரு சங்கதி என்னிடம் மட்டும் இருந்தது. அது வெளியே வந்துவிடக் கூடாது. இந்தக் கதை முழுக்க நான் அதைத்தான் மடியில் கட்டிக் காத்துக்கொண்டிருந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு என்னை ஏமாற்றுக்காரி என்று ஏசக் கூடாது.

டாக்டர்கள் எழுதி எழுதியே சாகிறார்கள் என்று மேலே யாருக்கோ உறைத்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு பேர் வந்து டாக்டரம்மா மேசையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார்கள், பக்கத்தில் ஒரு பிரின்டரை வைத்தார்கள். எங்கோ தூரத்துப் பட்டணத்தில் ஆட்கள் உட்கார்ந்து, இந்த அறையில் பேசுவதைப் பெட்டி வழியாகக் கேட்டு, சீட்டு, ரிஜிஸ்டர், பாரம் எல்லாவற்றையும் அங்கிருந்தே எழுதி அனுப்புவார்கள், டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொன்னார்கள். அதற்கு ஏதோ வாயில் நுழையாத பேர் வைத்திருந்தார்கள். நாங்கள் எழுத்துக்காரர் என்று கூப்பிட்டோம்.

எழுத்துக்காரர் வந்த பத்தாம் நாள் டாக்டரம்மா தலை நிமிர்ந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, டீக்கடை சொர்ணம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், டாக்டரம்மா அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இந்த மச்சம் எப்போலருந்து இருக்கு?" என்று கேட்டாள். நாலு வருஷமாக வாரா வாரம் வருகிறவள் சொர்ணம். வெளியே வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள், டாக்டர் என்னைப் பார்த்துட்டாங்க ஆவுடையக்கா என்று. ஆறு மாதம் அப்படி நல்லபடியாகப் போனது.

ஏழாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. கம்பெனியை மூடிவிட்டோம், ஒன்றாம் தேதியோடு எங்கள் சேவை நின்றுவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று இருந்தது. கடிதம் வந்த அன்று தேதி பதினெட்டு. அந்தப் பதினெட்டு நாளும் பிரின்டர் பாட்டுக்குத் தாளைத் தள்ளிக்கொண்டிருந்தது. மருந்தாளுநர் ஐயம்பெருமாள் வந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. பிரின்டர் வயரையும் பிடுங்கினார். அது இன்னொரு தாளைத் தள்ளியது. வேலை நின்றது தெரியாமல் யாரோ அங்கே உட்கார்ந்திருக்கிறார் போல, பாவம் என்று சொல்லிவிட்டு ஐயம்பெருமாள் சாப்பிடப் போனார். வரிசையில் இருந்தவர்கள், வயர் இல்லாமலே ஓடினால் ஆஸ்பத்திரிக்குக் கரண்டு மிச்சம்தானே என்றார்கள்.

அதற்கப்புறம்தான் சீட்டின் பாஷை மாறியது. கீழ ரத வீதி முப்பிடாதி தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, சும்மா தலைவலி டாக்டரம்மா, ஓயாமப் போனப் பாத்தா வராதா என்று அரை மணி நேரத்துக்கு ஒப்பித்தாள். மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் வந்தது. 'நாளது தேதியில், நெட்டூரணி கீழ ரத வீதியில் வசிக்கும் முத்துக்குமார் மனைவி இலஞ்சியம் ஆகிய நான், முழு நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், எனக்குத் தலைவலி இல்லை. மேற்படி வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால்தான் எனக்குச் சோறு. நாலு மாதமாக மிச்சம் இருப்பதில்லை.' முப்பிடாதி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தாளில் இல்லை. டாக்டரம்மா இரண்டு தடவை வாசித்துவிட்டு, எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

நான் அந்தத் தாளை ரிஜிஸ்டரில் வைக்க வாங்கினேன். கடைசி வரி 'இருப்பதில்லை' என்று பாதியில் முடிந்திருந்தது. மிச்சம் இடத்தில், ஓரம்வரைக்கும், கோடு, கோடு, கோடு, ஒரு சுழி. கோடு, கோடு, கோடு, ஒரு சுழி. ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். பத்திரம் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரத்தில் ஊர் பூராவும் பேச்சு, நம்ம பிரமநாயகம் பிள்ளை ஆஸ்பத்திரியில எழுதுதாரு என்று. யாரும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் சும்மா இருக்கிற மனுஷன் இல்லையே, கொட்டகையிலே அடித்த வெயிலுக்கு இந்த அறையில் ஃபேனாவது இருக்கிறது என்றார்கள். கருவாட்டுக் கடை சுடலைமணி மட்டும் என்னிடம் வந்து, அக்கா, எங்க பாகப்பிரிவினையில வடக்கு எல்லைய அவரு தப்பா எழுதிட்டாரு, கேட்டுச் சொல்லுங்க என்று நச்சரித்தான். போடா போக்கத்தவனே என்று விரட்டினேன்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முதலில் கூட வருகிறவர்கள் பயந்தார்கள். பெண்டாட்டியைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் புருஷன்மார் பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். அடுத்து, பேசாதவர்களையெல்லாம் கூட்டிவர ஆரம்பித்தார்கள். பிறவியிலேயே வாய் பேசாத தச்சர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்தார், நாற்பது வருஷமாக எல்லாரும் தன்னிடம் சத்தமாகப் பேசுகிறார்கள், தனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று தாள் வந்தது. ஒருத்தி தன் சினையாட்டையே தூக்கிக்கொண்டு வந்தாள். தாள் வந்ததா என்று கேட்காதீர்கள், ஆட்டை நான் உள்ளே விடவில்லை. விபத்தில் அடிபட்டு உயிர் போன ஒருவனை வராந்தா வழியாகத் தள்ளிக்கொண்டு போனபோது, மூன்றாம் நம்பர் அறைக் கதவு திறந்திருந்தது. பிரின்டர் ஒரு தாளைத் தள்ளியது. அதில் எழுத்தே இல்லை, மேலிருந்து கீழ்வரை வெறும் கோடும் சுழியும். அவனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று புரிந்துகொண்டோம்.

பிறகு ஊர் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்தது. எழுத்துக்காரர் சொல்லாததைத்தான் எழுதுகிறார்; ஆகவே எழுதப்படக் கூடாதது எதுவோ அதை முன்கூட்டியே எங்காவது சொல்லிவிட்டால், அது சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும், தாளில் வராது. ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வாதாமரம் இருக்கிறது. விடிந்ததிலிருந்து ஆட்கள் அதன் அடியில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராகப் போய், அடிமரத்தில் வாயை வைத்து ஏதோ சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். ஐப்பசியில் அந்த மரம் காய்த்தது. வழக்கமாகப் பள்ளிக்கூடம் போகிறதுகள் பொறுக்கித் தின்னும், அந்த வருஷம் ஒரு பழத்தைக்கூட யாரும் தொடவில்லை, அணில்கூடக் கடிக்கவில்லை, அப்படியே விழுந்து அழுகிக் கிடந்தது. சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்த எங்கள் ஓ.பி. கூடத்தில் இப்போது இருநூறு பேர் இருந்தும் சத்தம் கிடையாது. எல்லாருக்கும் உதடு மட்டும் அசையும். நான் டோக்கன் நம்பர் கூப்பிட்டால் என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்கும்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எனக்குக் கனம் இருந்தது. அறையைப் பெருக்கும்போது முக்காலிக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போவேன். பெட்டிக்கு நேரே நிற்க மாட்டேன். டாக்டரம்மா எதையாவது எடுத்துத் தரச் சொன்னால் வாசலில் நின்றே கையை நீட்டுவேன். நானும் வாதாமரத்தடிக்கு மூன்று நாள் போனேன். மரப்பட்டையில் வாயை வைத்தேன். எட்டு ஊருக்குக் கேட்கிற வாய், அந்த மரத்துக்கு முன்னால் ஒரு சொல் வரவில்லை. பின்னால் நின்றவள் சீக்கிரம் ஆகட்டும் அக்கா என்று இடித்தாள், வந்துவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் சீட்டின் அடியில் அந்த இன்னொரு வரி வர ஆரம்பித்தது. நோயாளி சொல்லாதது எல்லாம் முடிந்த பிறகு, கீழே, 'மேற்படி மருத்துவர் காலையில் சாப்பிடவில்லை' என்று வந்தது. அந்த அறையில் சொல்லாததை வைத்திருக்கிறவர்கள், நோயாளியும் டாக்டருமாக, இரண்டு பேர் என்பதை யாருமே யோசித்திருக்கவில்லை. மறுநாள் டாக்டரம்மா மேசையில் பதினோரு தூக்குச்சட்டி இருந்தது. ஒரு வாரம் எல்லார் வீட்டு இட்லியும் அவளுக்கு வந்தது, அவளும் வெட்கத்தோடு தின்றாள். அடுத்த திங்கட்கிழமை அந்த வரி மாறியது. 'மேற்படி மருத்துவர் இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, எண்பத்தேழாவது ஆளுக்குத் தலை நிமிரவில்லை.'

இருநூறு சீட்டிலும் அதே வரி வந்தது. அன்றைக்கும், மறுநாளும், அதற்கு மறுநாளும். கொசுக்கடிக்கு மருந்து வாங்க வந்தவன் சீட்டிலும் உண்டு, பிரசவத்துக்கு வந்தவள் சீட்டிலும் உண்டு. டாக்டரம்மா அதை அடிக்கவில்லை, கிழிக்கவில்லை; ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இருநூறு வீட்டுக்கு அந்த வரி போனது. வாங்கிப் படித்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளை மறுபடி இளைத்தாள். எழுதுகிற வேலை போனதால் பிழைத்தாள் என்று நினைத்தோமே, அந்த எழுத்துதான் அவளுக்கு மறைப்பாகவும் இருந்திருக்கிறது. குனிந்திருக்கிறவரைக்கும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. இப்போது நிமிர்ந்துவிட்டாள், எல்லார் முகமும் தெரிந்தது, எல்லார் முகத்திலும் அந்த ஒரு முகத்தைத் தேடினாள். வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள் என்று ஐயம்பெருமாள் வந்து சொன்னார். கையால் எழுதியிருக்கிறாள், எழுத்துக்காரரிடம் விடவில்லை. அவள் போனால் அந்த நாற்காலிக்கு யாரும் வரப்போவதில்லை, அடுத்த ஆஸ்பத்திரி முப்பது மைல். ஊரில் நாலு பேர் கூடி என் வீட்டுக்கு வந்தார்கள். உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லு ஆவுடை, உன் மேல தப்பில்ல தாயின்னு சொல்லு, அந்தப் பிள்ள இருந்துரும் என்றார்கள்.

சொல்வதற்கு எனக்கா சிரமம்? மறுநாள் மத்தியானம் ஓ.பி. முடிந்ததும் வாசலில் நின்றபடி சொன்னேன். அவருக்கு விதி அவ்வளவுதான், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க, உங்களால என்ன செய்ய முடியும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் திங்கட்கிழமைக்குள் வந்து நின்றுகொண்டு பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்கக்கா. உங்களுக்குத் தெரியாது, வாய்வுன்னு நெனச்சீங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னைக்கு அந்த அறையில தப்பு செஞ்சது நான் ஒருத்திதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமையோடு போகிறேன் என்றும் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். உனக்கென்ன வந்தது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, சோற்றையும் இன்னொருத்தி தலையில் கொட்டியாயிற்று, அவள் சுமந்துகொண்டு போகப்போகிறாள், நீ நிம்மதியாக இரு என்று எனக்கு நானே சொன்னேன். நானே சொன்னது எனக்கே பொறுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு என் மகள் வயது.

வெள்ளிக்கிழமை காலை, வாசலில் நின்று எண்பத்தாறு வரைக்கும் கூப்பிட்டேன். எண்பத்தேழாம் டோக்கனை யாருக்கும் கொடுக்காமல் காலையிலேயே முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். எண்பத்தேழு என்று கூப்பிட்டேன். கூடத்தில் யாரும் எழவில்லை. நான் உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். கூடத்திலிருந்த அத்தனை பேரும் உதட்டை அசைப்பதை நிறுத்தினார்கள்.

டாக்டரம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "என்ன செய்யுதுக்கா?" என்று கேட்டாள்.

கூட வந்தவர் யாரும் இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கறுப்புப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. வழக்கமாக நொடியில் தாள் வரும். அன்றைக்கு வரவில்லை. பத்திரம் எழுதும்போது எழுதிக் கொடுக்கிறவன் யோசித்துக்கொண்டிருந்தால், என் வீட்டுக்காரர் பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார், அந்தமாதிரி அறை காத்திருந்தது. ஃபேன் சுற்றியது. என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கவில்லை. பிறகு பிரின்டர் மெதுவாக, வரி வரியாக எழுத ஆரம்பித்தது.

தாளை எடுத்து டாக்டரம்மா தனக்குள் படிக்கப்போனாள். சத்தமாப் படிங்க, பத்திரம்னா வாசிச்சுக் காட்டணும் என்றேன். அவள் வாசித்தாள்.

'நாளது தேதியில், நெட்டூரணி மேலத் தெரு பதினாலாம் எண் வீட்டில் வசிக்கும் ஆவுடையம்மாள் ஆகிய நான், முழு நினைவுடனும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுப்பது என்னவென்றால், மேற்படி திங்கட்கிழமை காலை வரிசையில் நிற்கும்போது, என் கணவர் என்னிடம், ஆவுடை, இது வாய்வு இல்லை, நெஞ்சைப் போட்டுப் பிசையுது, இடது கை செத்துக்கிட்டு வருது, டாக்டர்கிட்ட நானே சொல்லுதேன் என்று சொன்னார். அன்றைக்கு என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பதினோரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் மூன்று மணிக்கு. நெஞ்சுவலி என்று சொன்னால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்க வாயத் தொறக்கப்புடாது, நான் பேசிக்கிடுதேன் என்று சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் இரண்டு தடவை வாயைத் திறந்தார். நான் பின்னால் நின்று அவர் முழங்கையைக் கிள்ளிப் பிடித்திருந்தேன். மூன்றாம் தடவை அவர் திறக்கவில்லை. குளிப்பாட்டும்போது அந்தக் கிள்ளின தடம் முழங்கையில் இருந்தது. மேற்படி விவரத்தை வாசிக்கக் கேட்டுச் சரியென ஒப்புக்கொள்கிறேன்.'

வாசித்து முடிந்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்தாள்.

"சரிதான்" என்றேன். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி என் வாயால் நான் பேசின முதல் உண்மை அதுதான்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வருஷம் என்னைத் தூங்கவிடாம, பக்கத்துலயே நின்னுக்கிட்டு, என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். முகம் கோணியது. பிறகு எழுந்து வந்து, என் இடது முழங்கையைப் பிடித்து, எதையோ தேடுகிறவள்மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் நிமிர்ந்து பார்த்திருந்தா, நீங்க கிள்ளுறதைப் பார்த்திருப்பேன்க்கா" என்றாள்.

அது உண்மைதான், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அழுதோம். வெளியே இருந்தவர்கள் கதவைச் சாத்தவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. தாளின் அடியில் அவளைப் பற்றிய அந்த வரி அன்றைக்கு இல்லை. சாட்சி என்று இருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப உள்ளேயே வைத்தாள். கிழிக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நான் பார்த்தேன். இன்றைக்கும் அறை வாசலில் நின்று, கூட வந்தவங்க வெளிய இருங்க, வலிக்கிறவங்க மட்டும் உள்ள போங்க என்று கத்திக்கொண்டிருக்கிறேன். ஊரில் என்னை ஏசுகிறவர்கள் ஏசுகிறார்கள். என் தங்கை என்னோடு பேசுவதில்லை, அவள் மகளுக்கு அந்தத் தேதி இனி எப்படி இனிக்கும்?

அன்றைக்கு முக்காலியிலிருந்து நான் எழுந்தபோது, டாக்டரம்மா தாளை என் கையில் கொடுத்து, கீழ இன்னும் ஒரு வரி இருக்கு, அதை நான் வாசிக்கல, அது உங்களுக்கு என்றாள். வாதாமரத்தடிக்கு வந்து நின்று பார்த்தேன். எழுதியவர் என்கிற இடத்தில், இதுவரை எந்தச் சீட்டிலும் வராத பெயர், பிரமநாயகம் என்று இருந்தது. தன் வார்த்தை ஒன்றைக்கூடப் பத்திரத்தில் சேர்க்காத மனுஷன், அதற்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'எழுதியவருக்கு இதில் யாதொரு ஆட்சேபணையும் இல்லை.'

இல்லை என்பதற்குப் பிறகு பாதித் தாள் மிச்சம் இருந்தது. அதில் ஓரத்திலிருந்து ஓரம்வரை, கடைசி வரைக்கும், கோடும் சுழியுமாகப் போட்டு அடைத்துவிட்டிருந்தார், நான் இனிமேல் ஒரு வார்த்தையும் சேர்க்க முடியாதபடிக்கு.